ஐந்து பள்ளி, ஒரே டிஸ்ட்ரிக்ட்: ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல்களில் எதற்காகக் கூடுதல் விலை?

கலிஃபோர்னியாவின் சன்னிவேல், கூப்பர்டினோ பக்கம் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில் படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்பே "ஹைஸ்கூல் எது?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஒரே அளவு வீடு, ஒரே வயது கூரை. வீட்டு முகவரியை வைத்தே பள்ளி ஒதுக்கப்படுவதால், தெருவின் இந்தப் பக்கம் மான்டா விஸ்டா, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றால் விலை மாறிவிடும். அந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கும் (டிஸ்ட்ரிக்ட் என்றால் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிழக்கே, அலமீடா கவுன்ட்டியில் இருக்கிறது. அதற்கு ஃப்ரீமான்ட் யூனிஃபைட் என்று தனி டிஸ்ட்ரிக்ட் உண்டு. நாம் பேசுவது சான்டா கிளாரா கவுன்ட்டியில், சன்னிவேலைத் தலைமையிடமாகக் கொண்டு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மட்டும் நடத்தும் டிஸ்ட்ரிக்டைப் பற்றி. இதில் ஐந்து பெரிய பள்ளிகள். சன்னிவேலில் ஃப்ரீமான்ட் ஹை 1920களில் தொடங்கியது, அதுதான் மூத்தது. பிறகு கூப்பர்டினோ ஹை (1958), ஹோம்ஸ்டெட் (1962), லின்புரூக் (1965), மான்டா விஸ்டா (1969). லின்புரூக் இருப்பது சான் ஹோசே நகர எல்லைக்குள். முகவரியில் சான் ஹோசே என்று பார்த்துவிட்டு வீட்டைத் தள்ளிவிட்டு, பிறகு வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

ஐந்துக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆசிரியர்களுக்கு ஒரே சம்பள அட்டவணை. பட்டம் பெறத் தேவையான கிரெடிட் ஒன்றே. கல்வி ஆண்டு நாள்காட்டி ஒன்றே. பணம் வரும் வழியும் ஒன்றே. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளுக்கு மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து மாநிலம் பணம் தரும். இந்த டிஸ்ட்ரிக்டின் சொத்து வரி வருமானமோ மாநில அளவுகோலைத் தாண்டிவிடுகிறது. அதனால் அது பெரும்பாலும் உள்ளூர் சொத்து வரியிலேயே ஓடுகிறது. 'பேசிக் எய்டு' என்று சொல்வார்கள். அந்த வரி முழுவதும் டிஸ்ட்ரிக்டின் ஒரே பையில் விழுந்து, அங்கிருந்து ஐந்து பள்ளிக்கும் பிரிகிறது. மான்டா விஸ்டா எல்லைக்குள் விலையுயர்ந்த வீட்டை வாங்கிக் கட்டும் கூடுதல் வரி மான்டா விஸ்டா ஆய்வகத்துக்கு மட்டும் போவதில்லை. ஃப்ரீமான்ட் ஹைக்கும் அதில் பங்கு உண்டு.

பாடங்களிலும் வித்தியாசம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஹைஸ்கூல் கணக்கின் மேல்படியான கால்குலஸ் பி.சி. ஐந்து பள்ளியிலும் உண்டு. ரோபாட்டிக்ஸ் வேண்டுமா? எஃப்.ஆர்.சி. என்ற மாணவர் ரோபோ போட்டிக்குப் போகும் அணி ஐந்திலும் இருக்கிறது. அணி எண்களோடு: மான்டா விஸ்டா 115, ஹோம்ஸ்டெட் 670, லின்புரூக் 846, கூப்பர்டினோ 2473, ஃப்ரீமான்ட் 3501. "ரோபாட்டிக்ஸ் இருக்கிறது, அதனால் அந்தப் பள்ளி" என்ற வாதம் இந்த டிஸ்ட்ரிக்டுக்குள் செல்லாது.

அப்படியானால் கொடுக்கும் கூடுதல் விலை எதற்கு? பக்கத்து நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்கு. அவ்வளவுதான். வகுப்பில் பாதிப் பேர் ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே ஜியாமெட்ரி முடித்துவிட்டு வந்தால் பாடத்தின் வேகம் வேறு, மாலையில் நடக்கும் பேச்சு வேறு. சில பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டம் இறக்கை கட்டும். சில பிள்ளைகளுக்கு அதுவே கழுத்தில் கட்டிய கல். உங்கள் பிள்ளை எந்த வகை என்பது வலைத்தளங்களின் ரேட்டிங்கில் தெரியாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூ.சி.) சேர்க்கைக் கணக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியம். யூ.சி. 2021 முதல் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைப் பார்ப்பதே இல்லை. ஜி.பி.ஏ.வும் (பாட மதிப்பெண்களின் சராசரிப் புள்ளி) எடுத்த பாடங்களும்தான் முன்னே நிற்கின்றன. அந்த ஜி.பி.ஏ.வை யூ.சி. தன் வழியில் கணக்கிடும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலிருந்து பதினோராம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த 'ஏ-ஜி' பாடங்கள் (சேர்க்கைக்கு யூ.சி. கேட்கும் பாட வகைகள்) மட்டும் அதில் சேரும். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் சேராது. ஆனால் அந்தப் பாடத்தில் 'சி'க்குக் கீழே போனால் பாடமே செல்லாது. ஏ.பி. (கல்லூரித் தரப் பாடம்), ஹானர்ஸ் (கடினம் கூட்டிய பாடம்) ஆகியவற்றுக்குக் கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டருக்கு (அரையாண்டுக்கு) மட்டும். அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எண்ணாகப் போட்டுப் பார்த்தால் சட்டென்று விளங்கும். இரண்டு வருடம், வருடத்துக்கு ஆறு ஏ-ஜி பாடம் என்றால் 24 செமஸ்டர் மதிப்பெண். எல்லாம் 'ஏ' என்றால், ஒன்றுக்கு 4 வீதம் 96 புள்ளி, கூடுதல் 8, மொத்தம் 104. 24ஆல் வகுத்தால் 4.33. உச்சவரம்பு இவ்வளவுதான். ஒரே ஒரு 'பி' வந்தால் 103, அதாவது 4.29. ஏ.பி. பாடம் நான்கு எடுத்தாலும் பத்து எடுத்தாலும் இந்த எண் நகராது. பாடச்சுமையின் கடினத்தை யூ.சி. தனியாகக் கவனிக்கிறது, உண்மைதான், ஆனால் "ஏ.பி. அடுக்கினால் ஜி.பி.ஏ. ஏறும்" என்பது யூ.சி.யைப் பொறுத்தவரை தவறான கணக்கு. மான்டா விஸ்டாவிலும் லின்புரூக்கிலும் பிள்ளைகள் ஏ.பி. பட்டியலை நீட்டிக்கொண்டே போவதற்குக் காரணம் இந்தச் சூத்திரம் அல்ல, பக்கத்து நாற்காலி.

இன்னொன்று. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு யூ.சி. தனித் தகுதி ஒன்று தருகிறது. விண்ணப்பித்த வளாகம் எதிலும் இடம் கிடைக்காவிட்டால், இடம் இருக்கும் வேறொரு யூ.சி. வளாகத்தில் சேர்த்துக்கொள்வதாக உறுதி. பெர்க்லிக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ இது நுழைவுச் சீட்டு அல்ல. ஆனாலும் ஒப்பீடு உங்கள் பிள்ளையின் பள்ளிக்குள்ளேயே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். 400 பேர் படிக்கும் வகுப்பில் 9 சதவீதம் என்றால் 36 பேர். எல்லோரும் உச்சவரம்பை முட்டி நிற்கும் பள்ளியில் அந்த 36க்குள் நுழைவதும், மதிப்பெண்கள் பரவலாக இருக்கும் பள்ளியில் நுழைவதும் ஒன்றல்ல. வளாகங்களில் விண்ணப்பத்தைப் படிக்கிறவர்களும் மாணவரை அவருடைய பள்ளியின் சூழலில் வைத்துத்தான் எடை போடுகிறார்கள். அதிக விலை கொடுத்து வீடு வாங்கி, பிள்ளையை நெருக்கடி மிகுந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும் வாய்ப்பும் இதில் இருக்கிறது.

இனி ஒவ்வொன்றாக.

மான்டா விஸ்டா, பெயர் பெற்றதற்கு ஏற்ற இடம்தான். கணக்கு, அறிவியல், வணிகப் போட்டிகள் எல்லாவற்றிலும் பிள்ளைகளே ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். குறை என்னவென்றால், கூட்டம் ஒரே வார்ப்பு. பெரும்பான்மை ஆசிய வம்சாவளி, பெரும்பாலும் தொழில்நுட்ப வேலையில் இருக்கும் பெற்றோர். இன்னொன்று மாணவர் எண்ணிக்கை குறைந்துவருவது. கூப்பர்டினோவில் இளம் குடும்பங்கள் வீடு வாங்க முடியாத விலை. எட்டாம் வகுப்பு வரை நடத்தும் கூப்பர்டினோ யூனியன் டிஸ்ட்ரிக்ட் 2022இல் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் தொடக்கப் பள்ளிகளை மூடியதும் இதே சரிவால்தான். மாணவர் குறைந்தால் ஹைஸ்கூலில் நடப்பது இது: முன்பு மூன்று பிரிவாக ஓடிய விருப்பப் பாடம் ஒரே பிரிவாகச் சுருங்கும். அப்படி இரண்டு ஒற்றைப் பிரிவுப் பாடங்கள் ஒரே பீரியடில் விழுந்தால், உங்கள் பிள்ளை ஒன்றை விட்டாக வேண்டும். பாடப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், "போன வருஷம் இது எத்தனை பிரிவு ஓடியது?" என்று பள்ளியின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலரிடம் கேளுங்கள். காலைப் போக்குவரத்தும் ஒரு தலைவலி. மெக்லெல்லன் சாலைப் பக்கம் லிங்கன் தொடக்கப் பள்ளி, மான்டா விஸ்டா, கென்னடி நடுநிலைப் பள்ளி மூன்றும் அடுத்தடுத்து. காரில் கொண்டுபோய் விடுவதைவிட, தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை வேகமானது.

லின்புரூக்கை மான்டா விஸ்டாவின் உடன்பிறப்பு என்று சொல்லலாம். அதே கூட்டம், அதே வேகம், கணக்கு ஒலிம்பியாட் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்வு. எண்ணிக்கைச் சரிவும் அப்படியே. இரண்டுக்கும் இடையே மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. வீடு எது பிடித்திருக்கிறதோ அதை வாங்குங்கள்.

உள்ளூரில் 'டினோ' என்று செல்லமாக அழைக்கப்படும் கூப்பர்டினோ ஹை நடுவில் நிற்கிறது. ஊரின் கிழக்குப் பக்கம். ஹைட் நடுநிலைப் பள்ளியிலிருந்தும் லாசனில் ஒரு பகுதியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கடினமான பாடம் எடுக்க விரும்புகிறவனுக்கு எல்லாம் இருக்கிறது, எடுக்காதவனை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே டினோவுக்குக் கிடைக்கும் மதிப்பு குறைவு என்பது நம் கருத்து.

ஹோம்ஸ்டெட், ஸ்டீவ் வாஸ்னியாக்கும் (1968) ஸ்டீவ் ஜாப்ஸும் (1972) படித்து வெளியேறிய பள்ளி. அதை வைத்து வீடு விற்கும் முகவர்களிடம் சிரித்துவிட்டு நகருங்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய மாணவர் பட்டியல் இன்றைய ஆசிரியரைப் பற்றி எதுவும் சொல்லாது. இன்றைய ஹோம்ஸ்டெட்டின் பலம் கலவை: சன்னிவேலின் தென்பகுதியும் கூப்பர்டினோவின் வடபகுதியும் சேர்ந்து வருவதால் வருமானத்திலும் பின்னணியிலும் பரவல் அதிகம். அணிவகுப்பு இசைக்குழு, இதழியல் என்று கணக்குக்கு வெளியேயும் உயிர்ப்பு. மேரி அவென்யூ அருகே 280 நெடுஞ்சாலையைத் தாண்டும் சைக்கிள்–நடைபாலம் 2009இல் திறந்த பிறகு, டி ஆன்சா கல்லூரிப் பக்கத்திலிருந்து கார் இல்லாமலே பள்ளிக்கு வந்துவிடலாம்.

ஃப்ரீமான்ட் ஹையைப் பற்றி வாட்ஸாப் குழுக்களில் சொல்லப்படுவதில் பாதி பழைய கதை. ரேட்டிங் குறைவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், இங்கே ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளும் குறைந்த வருமானக் குடும்பங்களும் மற்ற நான்கை விட அதிகம். சராசரி கீழே வருகிறது. சராசரி உங்கள் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதில்லை. வீட்டில் படிப்புக்கு ஆதரவு இருக்கும் பிள்ளைக்கு இங்கே ஏ.பி. வகுப்பு உண்டு, சம்பள அட்டவணை ஒன்றே என்பதால் அதே தரத்து ஆசிரியர் உண்டு, மேலே சொன்ன 9 சதவீதத்தில் மூச்சுவிட இடமும் உண்டு. குடும்பத்திலேயே முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கான 'அவிட்' திட்டமும் இங்கே நடக்கிறது. குறையும் உண்டு: உயர்நிலைப் பாடம் எடுக்கும் கூட்டம் சிறியது, அதே முப்பது முகங்களே எல்லா வகுப்பிலும் சுற்றிச் சுற்றி வரும். வட சன்னிவேலிலிருந்து தூரமும் அதிகம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மஞ்சள் பள்ளி பஸ் கிடையாது, கவுன்ட்டியின் வி.டி.ஏ. பஸ்ஸோ சைக்கிளோ அப்பா அம்மாவின் காரோதான்.

வீட்டு முகவரி விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஜிப் கோடை நம்பவே கூடாது. 95014க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஹைஸ்கூல் எல்லை இருக்கிறது. 95129இல் ஒரு தெரு லின்புரூக், இன்னொன்று கூப்பர்டினோ ஹை, வேறொன்று கேம்பெல் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் ப்ராஸ்பெக்ட் ஹை. சன்னிவேலின் கிழக்கு ஓரத்தில் ஊர்ப் பெயர் சன்னிவேல், டிஸ்ட்ரிக்டோ சான்டா கிளாரா யூனிஃபைட். பிள்ளை பீட்டர்சன் நடுநிலை, வில்காக்ஸ் ஹை என்று போவான். எட்டாம் வகுப்பு வரையிலான டிஸ்ட்ரிக்ட் எல்லையும் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எல்லையும் வெவ்வேறு கோடுகள். வீடு விற்கும் தளங்கள் பக்கத்தில் இருக்கும் பள்ளியைக் காட்டிவிடும், ஒதுக்கப்பட்ட பள்ளியை அல்ல. டிஸ்ட்ரிக்டின் சொந்த முகவரித் தேடலில் வீட்டு எண்ணோடு போட்டுப் பார்த்து, பிறகு சேர்க்கை அலுவலகத்தில் மின்னஞ்சலில் எழுத்தாக உறுதி வாங்குங்கள். குடியிருப்பு ஆதாரம் கேட்பதில் இந்த டிஸ்ட்ரிக்ட் கறார்: வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து வரி ரசீது, பி.ஜி.&இ. மின்சார பில் போன்றவை பெற்றோர் பெயரில் வேண்டும். மாமா வீட்டு முகவரியைக் காட்டிச் சேர்த்து, பாதி வருடத்தில் பிள்ளையை வெளியே எடுக்க நேர்வதை விட அவமானம் வேறில்லை.

டிஸ்ட்ரிக்டுக்குள்ளேயே வேறு பள்ளிக்கு மாற மாநிலச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் அங்கே இடம் இருக்க வேண்டும், விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல், எல்லைக்குள் வசிப்பவரை வெளியேற்றி யாருக்கும் இடம் தர மாட்டார்கள். பிள்ளை விளையாட்டு வீரர் என்றால் கூடுதல் கவனம். ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேரும் பள்ளி எதுவானாலும் சிக்கலில்லை. அதன்பிறகு வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால், மாநில விளையாட்டு அமைப்பின் விதிப்படி அந்தப் பருவத்தின் ஒரு பகுதியைப் பெஞ்சில் உட்கார்ந்து கழிக்க நேரலாம்.

கணக்குப் பிரிவு எந்தப் பள்ளி என்பதைவிட முக்கியம். ஒன்பதில் அல்ஜீப்ரா 1 தொடங்கினால் பன்னிரண்டில் கால்குலஸைத் தொடுவதற்கு நடுவில் எங்கேயாவது ஒரு தாவல் வேண்டும். ஜியாமெட்ரியில் தொடங்கினால் இயல்பாகவே வந்துவிடும். 2015ஆம் ஆண்டு கணக்கு வகுப்பு ஒதுக்கீட்டுச் சட்டப்படி, ஒன்பதாம் வகுப்பின் முதல் மாதத்துக்குள் ஒதுக்கீடு சரிதானா என்று பள்ளி மறுபடி பார்க்க வேண்டும். ஒப்பாத பெற்றோருக்கு முறையிட வழியும் இருக்க வேண்டும். பிள்ளை தவறான வகுப்பில் இருக்கிறான் என்று தோன்றினால் செப்டம்பருக்குள் எழுதுங்கள். அக்டோபரில் கேட்டால் வகுப்புகள் நிரம்பியிருக்கும். கோடையில் வெளியே எங்கேயாவது ஜியாமெட்ரியை ஆறு வாரத்தில் விழுங்கிவிட்டு வருவதும் நடக்கிறது. மதிப்பெண் வந்துவிடும், அடித்தளம் வராது. இரண்டு வருடம் கழித்து ப்ரீகால்குலஸில் அந்த ஓட்டை தெரியும். எடுப்பதானால், அந்தப் பாடத்தைப் பள்ளி ஏற்குமா என்று முன்கூட்டியே கவுன்சிலரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

டி ஆன்சா என்ற சமுதாயக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பது ஐந்து பள்ளிக்கும் கிடைத்த வரம். ஹைஸ்கூல் மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. புத்தகச் செலவும் சில்லறைக் கட்டணங்களும்தான். யூ.சி. கணக்கில் அங்கே ஒரு குவார்ட்டரில் எடுக்கும், நான்கு யூனிட்டோ அதற்கு மேலோ உள்ள, யூ.சி.க்கு மாற்றத்தக்க பாடம் ஹைஸ்கூலின் ஒரு முழு வருடத்துக்குச் சமம். ஆனால் அந்த மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக ஏறிவிடும். பன்னிரண்டு வாரத்தில் முடியும் குவார்ட்டரில் இரண்டு வாரம் சறுக்கினால் எழுந்திருக்க நேரமில்லை. கைவிடும் கடைசித் தேதியை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. ஐந்து பள்ளியின் வகுப்பறையிலும் தமிழ் இல்லை. ஆனால் பட்டச் சான்றிதழில் கலிஃபோர்னியாவின் இருமொழி முத்திரை வாங்க, பள்ளியில் நடத்தாத மொழியிலும் அங்கீகரிக்கப்பட்ட தேர்வின் மூலம் திறனைக் காட்டலாம். பதினோராம் வகுப்பிலேயே எந்தத் தேர்வை ஏற்பார்கள் என்று கேட்டுவைப்பது நல்லது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் போட்ட உழைப்புக்கு அரசு முத்திரை ஒன்றாவது விழட்டும்.

கடைசியாக, புள்ளிவிவரத்தை எங்கே படிப்பது. பள்ளிகளுக்கு ரேட்டிங் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தின் பத்துக்குப் பத்தை விட்டுவிட்டு மூன்று இடங்களுக்குப் போங்கள். ஒன்று, ஒவ்வொரு பள்ளியும் பிப்ரவரி 1க்குள் வெளியிட வேண்டிய பொறுப்பறிக்கை. அதோடு மாநிலத் தேர்வு முடிவைச் சேர்த்துப் பார்க்கும்போது, சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். ஹைஸ்கூலில் கணக்கு, ஆங்கிலத் தேர்வு பதினோராம் வகுப்புக்கு மட்டும், பெற்றோர் விலக்கு எழுதிக் கொடுக்கவும் முடியும். இரண்டு, யூ.சி. வெளியிடும் 'எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர்' பட்டியல்: விண்ணப்பித்தவர், இடம் பெற்றவர், சேர்ந்தவர், வளாகவாரியாக. சேர்ந்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். விண்ணப்பித்தவரால் வகுத்துப் பாருங்கள். ஐந்து பள்ளிகளுக்கும் மூன்று வருடக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பல நம்பிக்கைகள் ஆட்டம் காணும்.

மூன்றாவது, மாணவர் பத்திரிகைகள். மான்டா விஸ்டாவின் 'எல் எஸ்டோக்', லின்புரூக்கின் 'தி எபிக்', ஹோம்ஸ்டெட்டின் 'தி எபிடாஃப்', கூப்பர்டினோவின் 'தி ப்ராஸ்பெக்டர்' இணையத்திலேயே கிடைக்கும். தூக்கம், காப்பியடித்தல், கவுன்சிலரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எந்தப் பாடம் இந்த வருடம் நிறுத்தப்பட்டது என்பதையெல்லாம் அங்கேதான் தேட வேண்டும், அதுவும் பெயரோடு எழுதும் பிள்ளைகளின் வாயிலிருந்து. ஒரு வருடத்து இதழைப் படிக்க ஒரு சனிக்கிழமை மதியம் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள். எந்தக் கட்டுரையை அவன் முழுதாகப் படிக்கிறான் என்று பாருங்கள்.